சம்பந்திக்குப் பூச்சி மருந்து

பல்செட்காரரும் அவர் மனைவியும் வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டு மகள் இருக்கும் நாட்டுக்கே குடிபோகக் கிளம்பியபோது, அவர்களோடு இரண்டு பெட்டிகளும் ஒரு சம்பந்தியும் இருந்தார்கள். பெட்டிகளுக்கு ஒரு குறையும் வரவில்லை. அவை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன.

சம்பந்தி ஒரு நாய். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம் அது. மாப்பிள்ளையின் அப்பா ஒரு நடைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. அந்த வாரத்தில்தான் நீள மூக்கும் சடை ரோமமுமாக இந்த நாய் தெருவிலிருந்து நேரே கூடத்துக்குள் வந்து, இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. தட்டில் வைத்ததை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "இதுதாம்பா உங்க சம்பந்தி" என்றாள் மகள். பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பந்தியை 'அது இது' என்று சொல்ல யாருக்கும் நாக்கு வராததால் மரியாதையும் கூடவே ஒட்டிக்கொண்டது. சம்பந்தி வந்தார், சம்பந்தி குரைத்தார், சம்பந்தி சோபாவைக் கிழித்தார் என்றுதான் அந்த வீட்டில் பேச்சு.

பல்செட்காரர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குப் பல்செட் செய்து கொடுத்தவர். ஒருவரின் முகம் அவருக்கு மறந்துபோகும், வாய் மறக்காது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கட்டைவிரலால் சம்பந்தியின் ஈறுகளைத் தேய்த்துவிடுவார். சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்து காட்டுவார். வேறு யார் விரல் பக்கத்தில் வந்தாலும் விரலுக்குச் சேதம்.

மகளுக்கு நிறைமாதம். பிரசவத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கப்பலில் இடம் போட்டாயிற்று. பாக்கி இருந்தது ஒரே ஒரு காரியம். கப்பல் ஏறும் நாய் எதுவானாலும், துறைமுகத்திலுள்ள எல்லை விலங்கு நல வாரியத்தில் பூச்சி மருந்து சாப்பிட்டாக வேண்டும்; அக்கரை நாட்டுச் சட்டம் அப்படி என்றார்கள்.

வாரியத்தின் கூடம் சுத்தமாக இருந்தது. தரையில் பினாயில் வாடை. சுவரில் பெரிய எழுத்தில், 'நம் மருந்தால் பக்க விளைவு ஏற்பட்ட நாய்கள்' என்று எழுதி, அதன் கீழே பித்தளையில் வார்த்த ஒரு பூஜ்யத்தைப் பதித்திருந்தார்கள். ஏணி போட்டு அதை ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதுதான் உத்தியோகம். ஜன்னல் அதிகாரி உட்கார்ந்திருந்த கண்ணாடியில் பேசுவதற்கான ஓட்டை இடுப்பளவு உயரத்தில் இருந்தது. நிமிர்ந்து நின்றால் அவர் வாய் அசைவது தெரியும், குரல் கேட்காது. குனிந்தால் குரல் கேட்கும். பொதுமக்கள் குனிந்தார்கள்.

"பேரு?"

"சம்பந்தி" என்றார் பல்செட்காரர், குனிந்து.

"நீங்க அதுக்கு என்ன உறவுன்னு கேக்கலை சார். நாய் பேரு."

"அதாங்க பேரு."

ஜன்னல் அதிகாரி நாயைப் பார்த்தார், பிறகு பல்செட்காரரைப் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

மனைவியும் குனிந்தார். "ஏங்க, எங்க ஊர் டாக்டரே இவருக்குப் பூச்சி மருந்து கொடுத்துத்தான் அனுப்பியிருக்கார். இந்த நீள மூக்கு நாய்களுக்குச் சில மருந்து ஆகவே ஆகாதாம், மூளைக்கு ஏறிடுமாம். பாத்துத்தான் கொடுக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னார்."

"ஊர்ல கொடுத்தது உள்ளூர் மருந்தும்மா. அது உள்ளூர்ப் புழுவைத்தான் கொல்லும். இது வெளிநாட்டுப் பயணம்."

"உள்ளூரா வெளிநாடான்னு புழுவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் வாரியம் இருக்கு."

மாத்திரை வந்தது. சட்டைப் பொத்தான் அளவில் சாம்பல் நிறத்தில் இருந்தது. மடியில் தூக்கிவைக்கும் நாய்க்கும், கன்றுக்குட்டி மாதிரி நிற்கும் நாய்க்கும் அதே மாத்திரைதான்.

"எடை பாக்க வேண்டாமாங்க? அங்க மெஷின் இருக்கே" என்றார் பல்செட்காரர்.

"அது பெட்டிக்கு. நாய்க்கு நாய் வித்தியாசம் பாக்கறது எங்க கொள்கைல கிடையாது."

தடித்த கையுறை போட்ட உதவியாளர் ஒருவர் வந்து, வெண்ணெய்க்குள் மாத்திரையைப் புதைத்து நீட்டினார். சம்பந்தி வெண்ணெயை மதித்து விழுங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் எச்சில் ஒழுகத் தொடங்கியது. வயிறு உள்ளே போய் வெளியே வந்தது. பிறகு தரையில், நுரையோடும் வெண்ணெயோடும், பாதி கரைந்த மாத்திரையைக் கக்கி வைத்தார்.

பல்செட்காரர் மறுபடியும் போய்க் குனிந்தார். "ஒத்துக்கலைங்க. வாந்தி எடுத்துட்டார்."

"வாந்தி எடுத்தா மருந்து உள்ளே போகலைன்னு அர்த்தம்" என்றார் ஜன்னல் அதிகாரி. அவர் பொறுமையானவர். "மருந்தே உள்ளே போகலைன்னா, மருந்தால வாந்தி எப்படி வந்திருக்கும்? யோசிச்சுப் பாருங்க. இது சும்மா வாந்தி. இன்னொண்ணு கொடுக்கணும்."

"இன்னொண்ணா!"

"கொடுக்கலைன்னா கப்பல் ஏற முடியாது. உங்க விருப்பம்."

இந்த முறை சம்பந்தி வெண்ணெயை நம்பவில்லை. பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். கையுறைக்காரர் தாடையைப் பிரிக்கப் பார்த்தார். கையுறையில் ஒரு விரல் காணாமல் போனது, நல்லவேளையாகக் கையுறையில் மட்டும். அப்போது ஜன்னல் அதிகாரி ஓட்டை வழியாகக் கூப்பிட்டார். "சார், தொழில்ங்கற இடத்துல பல்செட்னு போட்டிருக்கீங்களே. நீங்க வாய் வேலை தெரிஞ்சவர்தானே? நீங்களே கொடுத்துடுங்க."

பல்செட்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி மகளை நினைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் தரையில் மண்டி போட்டு, கட்டைவிரலைச் சம்பந்தியின் உதட்டோரம் வைத்தார். சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். ஈறு தேய்க்கப் போகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். பல்செட்காரர் மாத்திரையை நாக்கின் அடிவரை தள்ளி, தாடையை மூடி, தொண்டையைத் தடவிவிட்டார். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

"கை சுத்தம்னா இதுதான்" என்று பாராட்டினார் ஜன்னல் அதிகாரி.

மருந்து சாப்பிட்ட நாய்களைக் கண்காணிப்புக் கூடத்தில் உட்காரவைப்பார்கள். கண்காணிப்பது நாய்க்காரர்களின் பொறுப்பு. திருகாணி போட்டு முடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். முதலில் சம்பந்தியின் பின்னங்கால்கள் தனித்தனியே வேறு வேறு திசைக்குக் கிளம்பின. அவர் எழுந்து நடந்தார். சுவர் வந்தது. சுவரில் முட்டிக்கொண்டார். திரும்பி நடந்தார், நாற்காலியில் முட்டிக்கொண்டார். மனைவி சம்பந்தியின் முகத்துக்கு நேரே கையை ஆட்டினார். கண் இமைக்கவே இல்லை.

"ஏங்க, இவருக்குக் கண்ணு தெரியலைங்க!"

மனைவி ஜன்னலுக்கு ஓடினார். குனிய மறந்து நின்றபடியே கத்தினார். ஜன்னல் அதிகாரி விரலால் கீழே காட்டினார். மனைவி குனிந்தார்.

"தள்ளாடுறாரும்மா, அவ்வளவுதான். கப்பல்ல போகப்போறார் இல்லையா, ஆட்டத்துக்கு இப்பவே பழகிக்கிறார். புத்திசாலி நாய்ங்க இப்படித்தான்."

"கண்ணு தெரியலை!"

"கண்ணுக்கும் புழுவுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

இரவு அந்த நாற்காலிகளிலேயே கழிந்தது. மறுநாள் காலையில் சம்பந்திக்கு வலிப்பு வந்தது. நான்கு கால்களும் படுத்தபடியே ஓடின. தரையில் சிறுநீர் ஓடியது. வலிப்பு நின்ற பிறகு மூச்சு மட்டும் இருந்தது. ஈரத்துணியோடு ஓடிவந்தவர் பூஜ்யம் துடைக்கிறவர்தான். அவர் துடைத்துவிட்டு உள்ளே போய் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாரியத்தின் இளம் டாக்டர் அவர். சம்பந்தியின் இமையைப் பிரித்துப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"இது மருந்தோட விளைவுதாம்மா. சந்தேகமே இல்லை."

"அப்ப மாத்து மருந்து கொடுங்க" என்றார் பல்செட்காரர்.

"இல்லையே சார். விளைவே இல்லாத வாரியத்துல விளைவுக்கு மருந்து எதுக்கு வாங்குவாங்க? ஒரு டிரிப்ஸாவது ஏத்தலாம். ஆனா டிரிப்ஸ் ஊழியர்களுக்கு மட்டும்தான்."

"எங்களுக்கு யாராவது ஒரு ஊழியர் கடன் கொடுத்தா..." என்று மனைவி ஆரம்பித்து, என்ன கேட்பதென்று தெரியாமல் நிறுத்தினார்.

டாக்டர் யோசித்தார். நல்ல மனசுக்காரர். வாரியத்தில் மோப்ப நாய்ப் பணியிடம் ஒன்று பல காலமாகக் காலியாக இருந்தது. நேர்காணலில் எந்த நாயும் தேறவில்லை. எல்லாம் குரைத்தன, அல்லது தேர்வுக்குழுவை மோந்து பார்த்தன. டாக்டர் உள்ளே போய் யார் யாரிடமோ பேசினார். கொஞ்ச நேரத்தில் சம்பந்தியை ஒரு தள்ளுவண்டியில் கிடத்தி நேர்காணல் அறைக்குக் கொண்டுபோனார்கள்.

தேர்வுக்குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். கேள்விகள் கேட்கப்பட்டன. சம்பந்தி நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். நிதானம் சிறப்பு, மேலதிகாரிகளை எதிர்த்துப் பேசும் பழக்கமில்லை, பதற்றம் அறவே இல்லை என்று மூவரும் ஒரே மனதாக மதிப்பெண் போட்டார்கள். வேலை கிடைத்துவிட்டது. சேருவதற்கு உடல் தகுதிச் சான்று வேண்டும். அதை டாக்டரே கொடுத்தார். முழு ஆரோக்கியம், பார்வை கூர்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இப்ப டிரிப்ஸ் போடலாம்ல?" என்றார் மனைவி.

"இப்பவே எப்படிம்மா? இப்பத்தானே நல்லா இருக்கார்னு எழுதியிருக்கேன். சேர்ந்த உடனே உடம்பு சரியில்லைன்னா தப்பா நினைப்பாங்க. சாப்பாட்டு நேரம் முடியட்டும்."

எல்லோரும் சாப்பிட்டு வரும்வரை சம்பந்தி தள்ளுவண்டியில் ஆரோக்கியமாகக் கிடந்தார். இடையில் இன்னொரு முறை கால்கள் ஓடின. பல்செட்காரர் அவர் தலையைப் பிடித்துக்கொண்டார், வண்டியின் இரும்பில் மோதாமல். கையலம்பிவிட்டு வந்த டாக்டர் ஊசியைக் குத்தி டிரிப்ஸை மாட்டினார். சாயங்காலத்துக்குள் சம்பந்தி தலையைத் தூக்கினார். மனைவி அழுதார், டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நாளைக்குக் கூட்டிட்டுப் போயிடலாம் இல்லையாம்மா?"

"விடுப்பு எழுதிக் கொடுத்தா போகலாம்" என்றார் டாக்டர். "ஆனா நாளைக்கு யாருக்கும் விடுப்பு கிடையாது. நாளைக்குப் பூஜ்ய விழா."

பூஜ்ய விழா ஆண்டுதோறும் நடப்பது. கூடத்தில் மேடை போட்டு, நீல ரிப்பன் கட்டி, பித்தளைப் பூஜ்யத்துக்கு விளக்கு வைத்திருந்தார்கள். கப்பலுக்குக் காத்திருந்தவர்களையும் அவர்களுடைய நாய்களையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் வந்தார். அவருக்கு மேல் பல்செட் சரியாக உட்காரவில்லை என்று பல்செட்காரர் பார்த்தவுடனே கண்டுகொண்டார். 'விளைவு' என்று சொல்லும்போதெல்லாம் அது வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

மேடையில் இயக்குநருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் நீல ரிப்பன் கழுத்தோடு புதிய ஊழியர் சம்பந்தி. விழுந்துவிடாமல் இருக்க இடுப்பை நாற்காலியோடு சேர்த்து ஒரு பெல்ட்டால் கட்டியிருந்தார்கள். தலை மட்டும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"சக ஊழியர்களே, பொதுமக்களே" என்று ஆரம்பித்தார் இயக்குநர். "நான் இந்தப் பதவிக்கு வந்தபோது என்ன நிலைமை? எங்கு பார்த்தாலும் விளைவு! வாந்தி என்பார்கள், வலிப்பு என்பார்கள். நான் என்ன செய்தேன்? மருந்தை மாற்றினேனா? இல்லை. அது நல்ல மருந்து. மொத்தமாக வாங்கிப் போட்டாயிற்று. விளைவுகளைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்த பிரிவை இழுத்து மூடினேன். மறுநாளிலிருந்து ஒரு விளைவு உண்டா? கேட்பதற்கு ஆள் இருந்தால்தானே வலிப்பு வரும்!"

கைதட்டினார்கள்.

"சில நாய்கள் கப்பல் ஏறாமலே போய்விட்டன என்று குறை சொல்கிறார்கள். நாம் யார்? பயணம் செய்யும் நாய்களுக்கான வாரியம். கப்பல் ஏறாத நாய் எப்படிப் பயணம் செய்யும் நாய் ஆகும்? ஏறிய நாய் ஒவ்வொன்றும் நன்றாகவே இருந்தது. நன்றாக இருந்ததால்தான் ஏறியது!"

மறுபடியும் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு குட்டி நாய் வாந்தி எடுத்தது. பூஜ்யம் துடைக்கிறவர் அதைத் துடைத்தார்.

"இதோ, நம் புதிய ஊழியர். ஊரில் ஒன்று, இங்கே இரண்டு என்று மூன்று முறை மருந்து சாப்பிட்டவர். நீங்களே அவரைக் கேளுங்கள்." இயக்குநர் ஒலிபெருக்கியைக் கழற்றிச் சம்பந்தியின் வாயருகே கொண்டுபோனார். "சொல்லுங்கள், உங்களுக்கு ஏதாவது விளைவு உண்டா?"

கூடம் முழுக்க அந்த மூச்சு கேட்டது. சளியில் ஏதோ கிழிகிற மாதிரி, பெரிதாக, நாலு மூலையிலிருந்தும் கேட்டது. பல்செட்காரரின் மனைவி காதைப் பொத்திக்கொண்டார்.

"கேட்டீர்களா? ஒன்றுகூடச் சொல்லவில்லை!" என்றார் இயக்குநர். "பாருங்கள், தலையையும் ஆட்டுகிறார்!"

அப்போது கால்கள் ஓட ஆரம்பித்தன. பெல்ட் போட்டிருந்ததால் நாற்காலியும் சேர்ந்து குதித்தது. ஏதோ வித்தை காட்டுகிறார் என்று பின்வரிசை தாளம் போட்டது. நாற்காலி சாய்ந்து விழுந்தது. கால்கள் இன்னும் கொஞ்சம் ஓடின. பிறகு நின்றன.

"என்ன அடக்கம்!" என்றார் இயக்குநர்.

பல்செட்காரர் மேடையேறினார். யாரும் தடுக்கவில்லை. நிகழ்ச்சியில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். அவர் பெல்ட்டை அவிழ்த்தார். சம்பந்தியின் நாக்கு பல்லிடுக்கில் மாட்டிக் கிடந்தது. கட்டைவிரலால் அதை மெதுவாக உள்ளே தள்ளி, தாடையை மூடி, அது தானாக மூடியே இருக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் இயக்குநரின் காதருகே போனார். "சார், இறந்துட்டார்."

இயக்குநர் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டார். "எப்போ?"

"இப்பத்தான் சார்."

"வேலை நேரத்துலயா?"

"ஆமா சார்."

"அப்பாடா" என்றார் இயக்குநர். "பயணியா இருந்து போயிருந்தா நம்ம பூஜ்யம் என்ன ஆகியிருக்கும்? பணியில் மரணம்னு போடுங்க."

எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். பிறகு கேக் வெட்டினார்கள்.

உடலைக் கேட்டார்கள் இருவரும். மகள் வீட்டுப் பக்கம் எங்காவது புதைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஊழியரின் உடல் வாரியத்துக்குச் சொந்தம் என்றார் ஜன்னல் அதிகாரி. பறிமுதல் செய்த இறைச்சியை எரிக்கும் உலை பின்பக்கம் இருக்கிறது, ஊழியர் என்பதால் தனியாகவே எரிப்போம் என்று ஆறுதல் சொன்னார். அதோடு அவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் வைத்திருந்தார்.

"பணியில இறந்தா வாரிசுக்குக் கருணை அடிப்படையில வேலை உண்டு சார். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?"

"சம்பந்தி" என்றார் பல்செட்காரர். குனியாமலேதான் சொன்னார். ஜன்னல் அதிகாரிக்கு எப்படியோ கேட்டது.

"சம்பந்தி வாரிசுல வராதே. மகன், மகள் யாராவது?"

"அவர் குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டவர்" என்றார் மனைவி.

"அடடா" என்றார் ஜன்னல் அதிகாரி. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

வாசலில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. "காப்பாத்தணும்னுதாம்மா கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

"இங்க எல்லாரும் நல்லதுக்குத்தான் போடுறீங்க" என்றார் மனைவி. அதற்குமேல் அவரால் திட்ட முடியவில்லை. பின்பக்கப் புகைபோக்கியிலிருந்து புகை வரத் தொடங்கியிருந்தது.

கப்பலில் பல்செட்காரர் எதுவும் சாப்பிடவில்லை. வலது கையை மடியில் மல்லாத்தி வைத்து, அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க தள்ளலைன்னா வேற யாராவது தள்ளியிருப்பாங்க" என்றார் மனைவி.

"வேற யாருக்கும் அவர் வாயைத் திறந்திருக்கமாட்டார்" என்றார் அவர்.

மனைவி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கரையில் சோதனை மேசையில் இருந்தவர் வயதானவர், சாந்தமானவர். பெட்டிகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பயணச்சீட்டைப் பார்த்துவிட்டு, "நாய் ஒண்ணுன்னு போட்டிருக்கே, எங்க?" என்றார்.

"பூச்சி மருந்து ஒத்துக்கலை" என்றார் பல்செட்காரர்.

"பூச்சி மருந்தா? அது எதுக்கு?"

"உங்க நாட்டுச் சட்டம்னு சொன்னாங்களே."

"அதை எடுத்து எத்தனையோ காலம் ஆச்சுங்களே! எங்க நாய்ங்களுக்கே அந்தப் புழு இருக்கு. அந்தப் பக்க வாரியத்துக்கு அப்பவே தகவல் சொல்லிட்டோம்."

"அவங்க என்ன சொன்னாங்க?" என்றார் மனைவி.

"நன்றின்னு சொன்னாங்க. ரொம்ப மரியாதையானவங்க" என்று முத்திரை குத்தினார் அந்தப் பெரியவர்.

பல்செட்காரர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்து நகர்த்தினார். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மகள் நின்றிருந்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையை ஆட்டியபடி, இருவரையும் தாண்டி முழங்கால் உயரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"இப்ப சொல்லாதீங்க" என்றார் மனைவி, உதட்டை அசைக்காமல். "இந்த நிலைமையில வேண்டாம்."

கிட்டே வந்ததும் மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "சம்பந்தி எங்கப்பா?"

பல்செட்காரர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"அவருக்கு அங்கேயே வேலை கிடைச்சிருச்சும்மா" என்றார்.

மகள் ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்தாள், வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, வலிக்கிறது என்று அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அதானே பாத்தேன். அவர் எங்க போனாலும் நல்ல நாற்காலியா பாத்து உக்காந்துடுவாரே. என்ன, கவர்ன்மென்ட் வேலையா?"

"ஆமா."

"நிரந்தரமா?"

அவர் குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டார்.

"நிரந்தரம்தாம்மா" என்றார்.